ஏழா, ஒன்றா

வியாழக்கிழமை பத்து மணிக்கு
மீன்வளத் துறையிலிருந்து ஆள் வருகிறார்.
எஞ்சின் நம்பரைக் கண்ணால் பார்த்தால்தான்
நிவாரணத்துக்குக் கையெழுத்து.
இன்று சனி.

மழைக்காலம் முழுக்கக் கவிழ்ந்த படகோடு
கெடிலத்து முகத்துவாரத்தில் கிடந்தது எஞ்சின்.
தூக்கி வந்து போட்டபோது
நம்பர் இருந்த இடத்தில்
பொரித்த நெத்திலிபோல் மொறுமொறுவென்று துரு.

கொழுந்தன் தேசப்பன் கிரைண்டரோடு வந்தான்.
"அஞ்சே நிமிஷம் அண்ணி."
அஞ்சு நிமிஷம்தான்.
துரு போகும்,
அதற்கடியில் மயிரிழை ஆழத்தில் குத்தியிருக்கும்
பதினொரு எழுத்தும் போகும்.
வழவழவென்று மின்னுகிற இரும்பைப் பார்த்து
அந்த ஆள் எதை எழுதிக்கொள்வார்?

முதுநகர்க் கடையில் ஆசிட் பாட்டில் நாற்பது ரூபாய்.
அதற்குத் துரு எது இரும்பு எது என்ற
பேதம் தெரியாது.
சோற்றோடு இலையையும் தின்கிற பசி.
தவிர, தெற்கிலிருந்து காற்றடித்தால்
சிப்காட் நெடியில் விழித்துக்கொள்கிறவள் நான்.
காசு கொடுத்து அதையே
வீட்டுக்குள் ஊற்றவா?

மணல் பீய்ச்சும் பட்டறையில்
'சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்று
ரசீதிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

புளி போட்டுத் தேய் என்றாள் அஞ்சலாட்சி.
பித்தளைக் குடமாடி இது?

நெல்லிக்குப்பம் ஆலைக்கு லோடு ஓட்டுகிறவர் சொன்னார்:
கழிவுப்பாகில் ஊறப்போடு தங்கச்சி,
எறும்பு மொய்க்கும், ஈ மொய்க்கும்,
துரு மட்டும் கழன்று வரும், இரும்பு அப்படியே இருக்கும்.
எத்தனை நாள் அண்ணே?
பதினஞ்சு.
என்னிடம் இருப்பது நாலரை.

பேட்டரிக் கடை ஜக்கரியாதான்
நாலரைக்குள் அடங்குகிற ஒன்றைச் சொன்னார்.
தண்ணீர், சலவைச் சோடா, சார்ஜர்,
வீணாய்ப்போன ஒரு இரும்புத் துண்டு.
எஞ்சினுக்கு மைனஸ், வீணாய்ப்போனதுக்குப் பிளஸ்.
மாற்றிக் கொடுத்தால் எஞ்சினே கரையும் என்று
இரண்டு தடவை சொன்னார்.
சில்வர் கரண்டி கிரண்டி போட்டுவிடாதே,
தண்ணீர் விஷமாகும்.
பக்கத்தில் நெருப்பு ஆகாது.

என் வீட்டுக்காரர் பீடியோடு
மூன்று நாள் தெருவில் நின்றார்.

நீல டிரம்.
புயலில் பிய்ந்த ஜன்னல் கம்பிதான் வீணாய்ப்போனது.
உலை கொதிக்கத் தொடங்குமுன் வருமே
அந்த முணுமுணுப்பு, இரவெல்லாம்.
ஞாயிறு நாலு மணி நேரம் கரண்ட் இல்லை.
திங்கள் காலை ஜன்னல் கம்பி
ஆரஞ்சுச் சளி பூத்துப் பாதியாகியிருந்தது.
யார் வீட்டுப் பாவத்தையோ வாங்கிக்கொண்டதுபோல் என்று
எழுத வந்தது, வேண்டாம்.
கம்பிக்கு அப்படியொன்றும் தெரியாது.

செவ்வாய் மாலை தூக்கினோம்.
கன்னங்கரேலென்று இருந்தது.
பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்கத் தேய்க்க
ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.
காற்றுப் பட்டால் மறுபடி சிவந்துவிடும் என்று
உடனே எண்ணெய் தடவினேன்.
பத்து எழுத்து சுத்தம்.
பதினொன்றாவது
ஏழா, ஒன்றா?
புத்தகத்தில் ஏழு.
இரும்பில் ஏழின் தலைக்கோட்டை
உப்பு எப்போதோ தின்று முடித்திருந்தது.
துருவைத்தான் எடுக்கலாம்,
துரு எடுத்துக்கொண்டதை எப்படி எடுப்பது?

தேசப்பன் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தான்.
"சின்னதா ஒரு கோடு அண்ணி. உண்மையைத்தானே போடறோம்."
உண்மைதான்.
புதுக் கோடு வெள்ளையாய் மின்னும்,
மற்ற பத்தும் கறுப்பு.
அதை ஒருவன் பார்த்துவிட்டால்
பத்தும் பொய்யாகிவிடும்.
ஆணியை வாங்கி
என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வியாழன், பத்தே முக்கால்.
அவர் குனிந்து சாக்பீஸ் தேய்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
"கடைசி ஒண்ணு மாதிரி இருக்கேம்மா."

"ஒண்ணு நேரா நிக்கும் சார்.
பக்கத்தில் இன்னொரு ஒண்ணு இருக்கு பாருங்க, எப்படி நிக்குதுன்னு.
இது சாஞ்சிருக்கு."

அவர் தலையை இடப்பக்கம் சாய்த்தார்.
பிறகு வலப்பக்கம்.
பேனா மூடி
இன்னும் வாயில்தான் இருந்தது.