மெழுகுவத்தி வளைந்த வாரம்

ஊர் எழும் நேரத்தில் படுக்கப் போகிறவள் நான்.
ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
ஏழரைக்குக் கையெழுத்து, எட்டேகாலுக்கு வேலப்பாடி,
மூன்று மாடி ஏறினால் எங்கள் ஒற்றை அறை.
அதற்கு மேலே ஒன்றுமில்லை,
அரையடி கான்கிரீட்டும் வேலூர் வெயிலும்தான்.

கத்திரி பிறந்த ஐந்தாம் நாள்
இயேசு படத்தின் முன் ஏற்றாமல் வைத்திருந்த மெழுகுவத்தி
இடுப்பில் வளைந்து
அலமாரி விளிம்பை முத்தியது.
ஜெபத்துக்கு நானே அத்தனை குனிந்ததில்லை.

இந்த மலைகள் வேறு,
ஊரைச் சுற்றி அடுப்புக்கல்லாய் உட்கார்ந்துகொண்டு.
பகலெல்லாம் வாங்கி வைத்ததை
ராத்திரியில் வட்டியோடு திருப்பித் தரும்.
ராத்திரிப் பங்கு என் வீட்டுக்காரருக்கு,
பகல் பங்கு எனக்கு.

தவணையில் ஒரு கூலர் வாங்கினோம்.
ஒரு மணி நேரம் காற்று, அப்புறம் ஆவி.
நாலு நாளைக்கொருமுறை தண்ணீர் வருகிற தெருவில்
குடம் குடமாய்க் குடித்தது.
அதுக்கு ஊற்றவா, எனக்கு ஊற்றவா?
சணல் சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டேன்.
அது காய்ந்த வேகத்துக்கு நான் தூங்கியிருந்தால்
பிழைத்திருப்பேன்.
ஏசி?
கரண்ட் பில்லை நினைத்ததும் உடம்பு சில்லிட்டது.
இலவசமாய்க் கிடைத்த குளிர்ச்சி அது ஒன்றுதான்.

ஒருநாள் மத்தியானம், ஆற்காடு ரோட்டில்,
செருப்பைத் தொலைத்த ஒரு பையன்
சாலையைக் கடந்துகொண்டிருந்தான்.
வெள்ளைக் கோட்டில் கால் வைப்பான்,
கறுப்பைத் தாண்டுவான்,
மறுபடி வெள்ளை.
பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்,
இவனுக்கு அவசரமே இல்லை,
வெள்ளையில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான்.
நான் என் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு
அவன் காலையே பார்த்தேன்.

சாயங்காலம் கிளிஞ்சல் சுண்ணாம்பு, இரண்டு மூட்டை.
டிரம்மில் தண்ணீர் ஊற்றியதும்
குபுகுபுவென்று கொதித்தது.
'குளிர்ச்சிக்கா இத்தனை கொதிப்பு' என்றார் கிருபாகரன்.
மறுநாள் ஆறியதை வடிகட்டி,
சோற்றுக் கஞ்சி சேர்த்து, ஒரு டப்பா ஃபெவிகால் சேர்த்து
பொழுது சாய்ந்தபின் மூன்று கை அடித்தோம்.
கடைசியாக மாடிப்படிக்கு வரும்போது
அவர் கைலியும் என் நைட்டியும்
பூச்சின் நிறத்துக்கு வந்துவிட்டன.

குளுகுளுவென்று ஆனதாய்ப் பொய் சொல்ல மாட்டேன்.
அடுப்பில் இருந்த சட்டி
இறக்கி வைத்த சட்டியானது, அவ்வளவுதான்.
தூங்க அது போதும்.
புது மெழுகுவத்தி வாங்கி வைத்தேன்.
நிற்கிறது.

வீட்டுக்காரம்மா பர்வதம்
வடாம் பிழிய மாடிக்கு வந்தாள்.
பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு நின்று
கண் கூசக் கூசச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு எனக்கு வினையானது.
அன்றிரவு தணிகாசலம் படியேறி வந்தார்.
'வீடு குளிர்ச்சியாயிடுச்சாமே பியூலா,
அடுத்த மாசத்துலேர்ந்து முந்நூறு சேர்த்துக் கொடு.'
'சரிங்க' என்றேன்.
'காலி பண்ணும்போது சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துட்டுப் போயிடறேன்,
அது எங்களுது.'
நாலு படி இறங்கியவர் நின்றார்.
எங்கள் அறைக்குக் கீழேதான் அவர் கட்டில்.
'இருநூறு' என்றார்.
பேச்சு அந்தப் படியிலேயே நிற்கிறது.
ஐப்பசி மழையில் எப்படியும் பாதி கரையும்
என்று நான் சொல்லவில்லை.

நேற்று விடியற்காலை, எட்டாவது மாடி வார்டு.
மகனோடு வங்காளத்திலிருந்து வந்திருக்கும் அம்மா ஒருத்தி
ஜன்னலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.
சாம்பல் மாடிகள், கறுத்த தொட்டிகள்,
நடுவே ஒரு வெள்ளைச் சதுரம்.
அது என்ன, உப்பா என்று
நாக்கைத் தொட்டுக் கேட்கிறாள்.
எனக்கு அவள் பாஷை தெரியாது.
இரண்டு கையையும் மடித்துக் கன்னத்தில் வைத்து
கண்ணை மூடிக் காட்டினேன்.
என்ன புரிந்ததோ,
எழுந்து
தன் ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டாள்.