மழைமானிக் கொப்பி

நூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர், ஆண்டவரே.
உமக்குத் தெரியாததல்ல, ஊற்றியவர் நீர்தானே.
ஆனாலும் கொப்பியில் எழுத வேண்டியவள் நான்.

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் டிவிசனில்
மழையளக்கும் வேலைக்கு யாரும் கை தூக்கவில்லை.
என் பெயரைச் சொன்னது கணக்கப்பிள்ளை:
“பிலோமினாதான் ராத்திரியில தூங்குறதில்லையே.”
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.

உண்மைதான்.
தகரம் ஒருமுறை தட்டினால் போதும்,
எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.
குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு.
அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத்
திகதி எழுதுவேன்.
மகளின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்த
அதே பென்சில்.
இந்த வருசம் அவளைவிட வேகமாய்
வளர்ந்தது வெடிப்புத்தான்.

ஜெபமாலை கையில்தான் இருக்கும்.
பத்து மணி உருட்டி முடிப்பதற்குள்
பதினொரு தரம் சுவரைப் பார்த்திருப்பேன்.
அதையெல்லாம் ஜெபமென்று
எந்தக் கணக்கில் சேர்த்தீரோ.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதேயும்.
புயலில் படகு நிறைய, நீர் தூங்கினீராமே!
பூசையில் அதை வாசிக்கும்போதெல்லாம்
எனக்கு நெஞ்சு எரியும்.
ஒரு பிள்ளையை வளர்த்திருந்தால் தெரியும்,
கொழும்பில் கடைக்கு நிற்கும் புருசன்
மூன்று நாளாய்ப் போன் எடுக்காதிருந்தால் தெரியும்
என்று முணுமுணுப்பேன்.
சுவாமி பிரசங்கத்தில் வேறு ஏதோ சொல்வார்.
அந்நேரம் நான் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்,
ஒழுகுமா என்று.

நேற்று இரவு பதினொன்றரைக்கு
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
நூற்றைம்பது தாண்டியிருந்தது.
தாண்டினால் விசில் ஊத வேண்டும்,
இருபத்துநான்கு காம்பராவையும் கிளப்ப வேண்டும்.

கால் எழவில்லை.
மலை சரியுமென்ற பயம் ஒரு பக்கம்,
சரியாதென்ற பயம் மறுபக்கம்.
புரட்டாசியில் ஒருதரம் நூற்றிரண்டுக்கே ஊதி
ஒன்றும் நடக்காமல்
பீலியடியில் ஒரு கிழமை ஏச்சு வாங்கினேன்.
விசில் வாயில் இருந்தது, மூச்சுத்தான் இல்லை.

நீளமாய்க் கேட்க நேரமில்லை.
“கூட வாரும்” என்றேன்.
வெளிச்சம் வரவில்லை, குரல் வரவில்லை,
மழையும் குறையவில்லை.
முழங்கால் மட்டும் நிமிர்ந்தது.

ஊதினேன்.
கதவு கதவாய்த் தட்டினேன்.
இடுப்பொடிந்து கிடக்கும் மாடசாமி அண்ணனைக்
கம்பளியில் போட்டு நாலுபேர் தூக்க,
அவர் வழிநெடுக முருகனைக் கூப்பிட்டார்.
நான் உம்மைக் கூப்பிட்டேன்.
வழுக்குப் பாதையில் யாரும் விழவில்லை.
கைக்குழந்தையோடு வந்த சந்திராணி
என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்,
நான் பயமறியாதவள் என்று நினைத்து.

மேட்டுப் பள்ளிக்கூடத்தின் சிமெந்துத் தரையில்
நூற்றுப் பதினோரு பேர்.
எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
பிறகு கொழுந்துச் சாக்கைத் தலைக்கு வைத்தேன்.
அவ்வளவுதான் நினைவு.

விடிந்து மகள்தான் உலுப்பினாள்:
“குறட்டை விட்டீங்கம்மா.”
வெளியே மழை அப்படியே.
படகில் உமக்கு எப்படித் தூக்கம் வந்ததென்று
இனிக் கேட்க மாட்டேன்.

மலை சரியவில்லை.
மேல்கான் உடைந்து
எங்கள் குசினிச் சுவர் மட்டும் போயிற்று,
என் திகதிகள் எல்லாவற்றோடும்.
ஏழு பேர்ச் காணி இன்னும் கடுதாசியில்தான்.
இன்று பின்னேரமும் மழை இருக்கிறதாம்.

பயம் போய்விட்டதென்று எழுத மாட்டேன்,
கொப்பியில் பொய் எழுதக்கூடாது.
ஆனால் பயிற்சியில் ஒன்று சொன்னார்கள்:
அளந்து எழுதியதும் கொட்டிவிட வேண்டும்,
நேற்றைய தண்ணீர் கிடந்தால்
இன்றைய கணக்குப் பிழைக்கும்.

மணி எட்டரை.
எழுதிவிட்டேன்.
குவளையைக் கவிழ்த்து
மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுகிறேன்.