குழாயின் வாய்

திங்கள்சந்தையில் எனக்கு மைக்செட் கடை.
பெட்டி பன்னிரண்டு, கூம்புக்குழாய் எட்டு.
எட்டில் ஒன்று தென்னையிலிருந்து விழுந்து நசுங்கினது,
அதற்கு வாடகை பாதி.

பெந்தெகொஸ்தே பாஸ்டருக்கு எதிரொலி வேண்டும்.
சி.எஸ்.ஐ. ஆயர் மைக்கைக் கண்டால்
ஒரு முழம் தள்ளி நிற்பார்.
தக்கலையில் ஆண்டு விழா ராத்திரி
லெப்பை ஊதவும் மாட்டார் தட்டவும் மாட்டார்,
முடிந்ததும் துண்டால் துடைத்துத் தருவார்.
வில்லுக்காரிக்கு இரண்டு, குடத்துக்குத் தனியாக ஒன்று.
தாங்கலில் உகப்படிப்புக்குச் சத்தம் கொஞ்சம் போதும்,
"அய்யா பக்கத்துலதாம்டே இருக்காரு" என்பார்கள்.

எல்லாருக்கும் முதல் வார்த்தை ஒன்றுதான்.
சாமி பேர் இல்லை.
"கேக்குதா?"

கடைசி பெஞ்சுக்கும் இருட்டுக்கும் நடுவே நின்று
நான் கை தூக்குவேன்.
இடது காது போய் ஆறு வருஷம்.
குத்துமதிப்பாகத்தான் தூக்குவேன்.

வைகாசி கடைசிச் செவ்வாய்,
ஒரே கடற்கரையில்
அம்மன் கொடைக்கும் அந்தோணியார் குருசடிக்கும்
அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.
பேராசை என்றாள் ஞானபாய். ஆமாம்.
அங்கே நாலு குழாய், இங்கே நாலு,
நடுவில் அரைக் கிலோமீட்டர் மணலும்
பூட்டிக் கிடக்கிற ஐஸ் கம்பெனியும்.

சாயங்காலமே ஆரம்பித்தது.
"அவனுக்க கொழாய் நம்ம பீடத்தைப் பாக்குது."
"அவனுக்க கொழாய் அம்மைக்க மொகத்தைப் பாக்குது."
அந்த வருஷத்தை யாரும் வாயால் சொல்லவில்லை.
கடைகள் ஷட்டர் இறக்கிய சத்தத்தில்
அது இருந்தது.

எஸ்.ஐ. வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை.
"எட்டையும் கடலப் பாக்கத் திருப்புலே."

பீர்கண்ணு அந்தக் கரையில் ஒரு தென்னை,
நான் இந்தக் கரையில் ஒன்று.
வாயில் ஸ்பானர், நாக்கில் துரு.
நசுங்கின குழாய் லேசில் திரும்பாது,
தோளைக் கொடுத்து நெம்பினேன்.
மேலேயிருந்து பார்த்தால்
இரண்டு சீரியல் செட்டும் ஒரே பச்சை.
இரண்டும் என் கடைச் சரக்குதானே.

ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எட்டு வாயும்
விடிய விடியக் கடலுக்கு ஓதின:
நவநாள் மன்றாட்டு, வில்லில் அம்மன் பிறப்பு,
நடுவே ஒரு சாவு அறிவிப்பு,
காணாமற்போன சாவிக்கொத்து ஒன்று.
மழை வந்தது. யாரும் நிறுத்தவில்லை.
காலையில் இரண்டு கமிட்டியும்
ஆளுக்கு ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள்.
"எங்களுக்கே செரியாக் கேக்கலியே."

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தான் நசரேன்,
தாளில் பொதிந்த நெய்மீனோடு.
மகள் கல்யாணத்துக்குப் பந்தல் பேசத்தான் என்று
நோட்டை எடுத்தேன்.
அதில்லை.
செவ்வாய் ராத்திரி நடுக்கடலில்
அவன் எஞ்சின் நின்றுவிட்டதாம்.
இடவப்பாதி மூடல். கரையில் ஒரு வெளிச்சம் தெரியவில்லை.
பகலென்றால் கணிச்சம் பார்ப்பான்,
மலைமுனையையும் மாதா கோபுரத்தையும்
ஒரே நேரில் கொண்டுவந்து நிறுத்தி.
அன்றைக்கு மலை எங்கே, கோபுரம் எங்கே?

"ஒரு காதுல ஆமா போடுது,
மத்த காதுல ஆமென் போடுது.
ரெண்டும் சமமாக் கேக்க வாக்குல
அணியத்தை வச்சுத் தொளைஞ்சேன்.
நடுவுலதான நம்ம கரை."

எந்தக் காதில் எது என்றேன்.
"அது ஆருக்கு ஓர்மை.
தொளவைய விட்டாலுல்லா யோசிக்க."
மீனை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தான்,
ஈரம் படும் என்று நான் கீழே எடுத்தேன்.
வாசலிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டே
இன்னும் ஏதோ சொன்னான்,
என் இடப்பக்கம் நின்று.

எழுந்து, நல்ல காதை அவன் பக்கம் திருப்பி,
"என்னவே சொன்னீரு?" என்றேன்.

"கேட்டுதுண்ணேன்."