ஞாயிறு, முதல் பஸ்ஸுக்கு முன்

சம்பளத்துக்கு மறுநாள் தவறணை திறக்காது.
அதற்கு எதிரே, மஸ்கெலியா பஸ் நிற்கிற மேட்டில்
சாக்கை விரிப்பேன்.
மரத்தக்காளி ஒரு குவியல்,
கொடித்தோடை ஒரு குவியல்,
பனியில் நனைந்த நாலைந்து நாரத்தை.

முதல் ஆள் பங்களா வாட்சர் அருளாந்து.
மண்ணெண்ணெய் தளும்பும் தகரம்போல
தன் தலையைத் தானே தூக்கி வருவான்.
கேட்கமாட்டான், கையை நீட்டுவான்.
கை நடுங்கினால் சாராயம்.
கண் மஞ்சளித்து, மூச்சு முன்னால் வந்தால் கசிப்பு.
சாராயத்துக்குக் கொடித்தோடை.
கசிப்புக்கு மரத்தக்காளிதான்:
காம்படியில் கிள்ளி
உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து உறிஞ்சினால்
புளிப்பு காதுக்குப் பின்னால் போய் நிற்கும்,
நின்றுகொண்டு
தலைவலியை வெளியே கூப்பிடும்.
உண்மையா என்று டொக்டர் கேட்டால்
எனக்குத் தெரியாது.
போன மாசம் ஒருத்தன் கடனுக்குத் தின்று
பாலத்துக்கு அப்பால் போய் வாந்தியெடுத்தான்.
திரும்பி வந்து
இன்னொன்று கேட்டான்.

இன்றைக்கு
முகில் இன்னும் ரோட்டில் படுத்திருக்கையிலே
கொழுந்தெடுக்கிற தவமணி வந்தாள்,
சால்வையைக் காதோடு இறுக்கி.
"ரெண்டு மரத்தக்காளி. நல்லாப் புளிக்கிறதா."
"யாருக்கு?"
"வீட்டுல அவருக்கு."

அவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருஷம்.
நாலு மாசமாகக் காசு வரவில்லை என்பது
மேட்டு லயத்துக்கும் தெரியும்
பள்ளத்து லயத்துக்கும் தெரியும்.
நான் குவியலைப் பார்த்தேன்.
பெரிய பழமாகத் தேடினேன்,
தேவைக்கு அதிகமாகவே நேரம் எடுத்து.

அருளாந்து குந்தியிருந்து
தோலைத் துப்பிக்கொண்டிருந்தான்.
தலை நிமிரவில்லை அவன்.
நிமிர்ந்திருந்தால்
எதையாவது வாங்கிவரச் சொல்லி
கடைத்தெருவுக்கு அனுப்பியிருப்பேன்.

தவமணி முதுகைத் திருப்பிக்கொண்டு
ஒன்றை வாயில் வைத்தாள்.
தோள் ஒருமுறை குலுங்கியது.
பழம் புளிப்புத்தான்.

உப்புச் சரையை அவள் பையில் போட்டேன்.
"அவரத் தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லு.
மத்தியானம் வரைக்கும் வெயில்ல போகவேணாம்னு சொல்லு."
"சொல்றேன்."
காசை நீட்டினாள். கை நடுங்கியது.
அப்படியானால் சாராயம்.
கொடித்தோடை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?
ஒன்றை எடுத்து, கணக்கில் சேர்க்காமல்,
உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பஸ் வந்தது. அருளாந்து ஏறினான்.
அவள் ஏறவில்லை.
கொஞ்ச நேரம் நின்றாள்,
பிறகு, யாருக்கென்று சொல்லாமல்,
என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டாள்.