வெள்ளைக் கோப்பை

ஜூரோங். காலை ஏழே முக்கால்.
ஊரே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வியைத்தான்
நானும் கேட்கிறேன்: பசியாறிட்டீங்களா?
வெளியே அது உபசாரம்.
இந்த அறையில்
இல்லை என்றால்தான் எனக்கு நிம்மதி.

தவசிமணி. துவாஸ் கப்பல் பட்டறையில் வெல்டர்.
முன்னங்கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு.
எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார்.
ஒவ்வாமை? இல்லை.
சர்க்கரை மாத்திரை? இல்லை.
சிறுநீரகக் கோளாறு?
கேள்வி முடியுமுன்பே, இல்லை.
கட்டங்கள் ஒழுங்காய் நிரம்புகின்றன,
சந்தேகம் வரும் அளவுக்கு ஒழுங்காய்.
சிலருக்கு அது பதில் அல்ல,
பெர்மிட்டுக்குப் போட்ட உறை.

நோர்ஹயாத்தி பேரியம் கலக்குகிறாள்.
சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஸ்ட்ராபெர்ரி வாசம்.
குடலுக்குள் இருக்கும்வரை அது சாது.
உடம்போடு ஒட்டாது, வந்த வழியே போய்விடும்.
நிறையத் தண்ணீர் குடிங்க,
ரெண்டு நாள் வெள்ளையாப் போகும், பயப்படாதீங்க
என்று சொல்லி அனுப்பிவிடலாம்.
உணவுக்குழாயில் ஓர் ஊசித்துளை இருந்தாலோ
நெஞ்சுக்குள் கசிந்து அங்கேயே குடியேறும்.
அதன் பெர்மிட்டுக்குக் காலாவதி இல்லை.

படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்:
வலிக்காம கடைசியா என்ன சாப்பிட்டீங்க?

மீன்தலைக் கறி, என்றார். கொஞ்சம் சிரித்தார்.
வியாழக்கிழமை. முள்ளு ஒண்ணு இறங்கிடுச்சு.
சோத்து உருண்டைய முழுங்கித் தள்ளிவிட்டேன்.
ராத்திரி குளிர்க்காய்ச்சல்.
பனடோல் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன்.

காறை எலும்புக்கு மேலே விரல் வைத்தேன்.
தோலுக்கடியில் காற்று நொறுங்கியது,
அரிசிப் பொரியை அழுத்தினாற்போல.

கோப்பையைக் கீழே வை, ஹயாத்தி.

டாக்டர் கோ இரண்டாவது மணியில் எடுத்தார்.
பேரியம் வேண்டாம். நீரில் கரைவது. சிடி ஸ்கேன். உடனே.
அந்தத் தெளிந்த மருந்துக்கும் கேள்விகள் உண்டு.
ஸ்கேனுக்கு ஊசி போட்டு எப்பவாவது உடம்பு தடிச்சுதா?
தண்ணி குடிச்சா இருமல் வருதா?
தப்பிப்போய் நுரையீரலில் இறங்கினால் அதுவும் பொல்லாதது.

கூரையைப் பார்த்தபடி யோசித்தார்.
இருமல்... ஆமாங்க. நேத்துலேர்ந்து.

ஆமா.
அந்தக் காலையின் முதல் ஆமா.
சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன்,
கை லேசாக நடுங்கியது.

சக்கரக்கட்டில் போனபின்
மேசையில் பேரியம் மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தது.
ஹயாத்தி அதைக் கொட்டவில்லை, நானும் சொல்லவில்லை.
அடுத்து வந்தவளுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும்.
மாதவிலக்குத் தேதியைக் கேட்க வாயெடுத்தேன்.
அவள் உதட்டில்
இல்லை தயாராக இருந்தது.