பிற வருமானம்

ஏப்ரல் பதினேழு, இரவு பதினொன்று பத்து.
நாளையோடு கெடு முடிகிறது.
வரிப் படிவம் திரையில் பொறுமையாகத்தான் இருக்கிறது.
நான்தான் இரண்டு முறை எழுந்து போய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

வாடகை வருமானம்:
நடு அறையில் இலோயிலோ தாதி மேரிசெல்,
ஓராண்டு ஒப்பந்தம், மாதம் ஆயிரத்து நானூறு,
முத்திரைத் தீர்வை கட்டிய ரசீது உண்டு.
செலவென்று பதினைந்து விழுக்காடு
கேள்வி கேட்காமல் கழித்துக்கொள்கிறார்கள்.
குளிரூட்டி ஒழுகுவது அவர்களுக்கும் தெரியும்போல.
இதுவரை சுத்தம்.

மிச்சம் ஓர் உறை.

பிப்ரவரியில் பின்னறை காலி.
மேடானிலிருந்து ஒரு குரல்:
"இபு, பதினோரு இரவு மட்டும்."
தியூர்மா என்று பேர் சொன்னாள்.
கணவருக்கு நொவீனாவில் முதல் சுற்று மருந்து.
பாலஸ்தியர் சாலையிலிருந்து அவர் நடையில்
எத்தனை நிமிடம் என்று கேட்டாள்.
ஹோட்டலிலும் விசாரித்திருக்கிறாள்:
அறைக்கு ஒரு விலை,
அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து,
இரண்டின் தோளிலும் ஏறி உட்கார்ந்த ஜிஎஸ்டி ஒன்பது.
"சேவை என்றால் என்ன செய்வார்கள்?"
துண்டு மாற்றுவார்கள் என்றேன்.

பினாங்கில் ஒன்றுவிட்ட அக்கா செண்பகவடிவு
ஹோம்ஸ்டே நடத்துகிறாள்.
வெளிநாட்டார் அங்கே தலை சாய்த்தால்
அறைக்கு, இரவுக்கு, பத்து ரிங்கிட் சுற்றுலா வரி.
வாங்கு, எழுது, கட்டு, தூங்கு.
எனக்கு அப்படி ஒரு வரி இல்லை.
சலுகை என்று நினைத்துவிடாதீர்கள்.
அந்த இரவே எனக்கு இல்லை என்று பொருள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
சட்டமும் மூன்றுதான் சொல்கிறது, மாதக் கணக்கில்.
அதற்குமேல் தங்காதே என்றல்ல,
அதற்குள் போகாதே என்று.
மூன்று மாதம் இருந்தால் குடித்தனக்காரர்.
பதினோரு இரவு இருந்தால் குற்றம்.
மருந்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

காசு வேண்டாம், வாருங்கள் என்றேன்.
நல்ல மனசெல்லாம் இல்லை.
அபராதத் தொகையைப் படித்திருந்தேன்.

பெட்டிச் சக்கரங்கள் நடைபாதை ஓட்டில்
தடதடவென்று வந்தன.
எதிர்வீட்டுக் கதவு நாலு விரல் திறந்து மூடியது.
ஆறாம் நாள் ஓர் அதிகாரி வந்தார்.
இளைஞர்தான். கழுத்தில் அட்டை, காலில் ஈரச் சப்பாத்து.
பின்னறையை எட்டிப் பார்த்தார்:
கட்டிலோரம் பிளாஸ்டிக் வாளி,
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த ஒரு முதுகு.
குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்,
"பணம் வாங்கினீர்களா?"
"இல்லை."
அன்று புதன்கிழமை.
புதன்கிழமை அது உண்மை.

அவர்கள் போன மறுநாள்
அரிசி டப்பாவுக்குள் படியின்மேல் உறை.
பென்சிலில் கணக்கு: பதினொன்று பெருக்கல் நூறு.
அதன் கீழே ஒன்பது விழுக்காடு.
மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
கடைசி ஒன்பது வெள்ளிக்கு
எந்தக் கடையில் சில்லறை மாற்றினாளோ.
ஜிஎஸ்டி வாங்க என்னிடம் பதிவெண்கூட இல்லை,
அட பைத்தியமே.

போன் போட்டுத் திட்டினேன்.
என் சந்தை மலாய் கோபத்துக்குப் போதவில்லை.
"வாடகை இல்லை இபு," என்றாள்,
"வந்ததற்கு வரி."
பிறகு, விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல்,
"ஜூனில் இரண்டாம் சுற்று. பதினாலு இரவு.
மீன் வாசம் அவருக்கு ஆகாது,
தாதிப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்."

பதினொன்று ஐம்பத்திரண்டு.
'பிற வருமானம்' என்ற கட்டத்தில்
கோடு மின்னி மின்னி நிற்கிறது.
ஒன்று, ஒன்று, ஒன்பது, ஒன்பது.
அழித்தேன்.
அடித்தேன்.
மேரிசெல் இரவுப் பணி முடிந்து வந்தால்
மீன் விஷயம் சொல்ல வேண்டும்.