மூன்று நிமிடம்

பிஸ்மார்க் நகரம். ஜனவரி.
சுழியத்துக்குக் கீழே இருபத்தாறு.
விடுதியின் பின்பக்க அறையில்
காபிக் கலனுக்குப் பக்கத்தில் என் நாற்காலி.
பேச்சை எழுத்தாக்குவது வேலை.
வாயைவிட்டு வந்த சொல் உடனே திரையில் ஓட வேண்டும்.
டெல்பர்ட் ஹாகுக்குக் காது கேட்காது.
கோதுமை விதைக்கிறவர்,
நான் ஒரு சொல்லை விட்டாலும்
புருவத்தால் பிடித்துவிடுவார்.

மாநில மறுவாழ்வு மன்றம் என்று பெயர்.
உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது,
பெட்ரோல் காசும் ஒரு வான்கோழி சாண்ட்விச்சும்.
எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கூட்டம்,
ஏழு பேர் இருந்தார்கள்.
எட்டாவது ஆள் கோரலின்
பனியில் நூறு மைல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.
அதுவரை வானிலை பேசினார்கள்.
அதையும் எழுதினேன்.

துறை அதிகாரி தாளைப் புரட்டினார்.
மூன்றாம் பிரிவு மூடியே இருக்கிறது,
வேலைப் பயிற்சிக்குக் காத்திருப்போர்
நானூற்றுப் பதினொரு பேர், என்றார்.
ஒரு பேரும் சொல்லவில்லை.

பிறகு பொதுமக்கள் கருத்து.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
தலைவி அர்டிஸ் க்வாமுக்குப் பார்வை இல்லை;
மணிக்கட்டில் பேசும் கடிகாரம்.
அதை அழுத்திவிட்டு, சொல்லுங்கள் என்றாள்.

வந்தது டைரல் ஓஸ்ட்பி, முப்பத்தொரு வயது.
சக்கர நாற்காலியின் முன்னே ஒரு திரை.
கண்ணால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு
ஒரு சொல் சேர்ந்ததும்
ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரலில் அது பேசும்.

நான்

நிமிடத்துக்கு இருநூற்றிருபது சொல் ஓடும் என் விரல்கள்
விசைகளின் மேல் நின்றன.

செய்த

வெளியே பனி அள்ளும் லாரி பின்னோக்கிப் போகும் ஓசை.

ஒரே

வேலை

'மூன்று நிமிடம் முடிந்தது' என்றது கடிகாரம்.

அர்டிஸ் அதைக் கழற்றினாள்,
கம்பளித் தொப்பிக்குள் சுற்றினாள்,
கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.
உள்ளேயிருந்து, கிணற்றில் விழுந்தவன்போல,
'மூன்று நிமிடம் முடிந்தது.'
லாரிக் கம்பெனியின் வெர்னன் ஷீல் தொண்டையைக் கனைத்தார்:
விதி என்று ஒன்று...
'சுவரில் கடிகாரம் இருக்கிறதாமே வெர்னன்,
நான் பார்க்கவில்லை.'

(சிரிப்பு) என்று அடித்தேன்.
கடிகாரம் பேசியதை அடிக்கவில்லை,
அர்டிஸ் சொன்னதையும்தான்.
டைரலின் வாக்கியத்துக்கு நடுவே
வேறெதுவும் வரக் கூடாதென்று தோன்றியது.

பதினொரு நிமிடம் ஆயிற்று முடிய:

நான் செய்த ஒரே வேலை காத்திருப்பது.
பதினான்கு மாத அனுபவம்.
சம்பளம் தருகிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

மௌனத்துக்கு என் பலகையில் விசை இல்லை.
டெல்பர்ட் திரையைப் பார்த்தார், பிறகு என்னை.

மூன்றாம் பிரிவைத் திறக்கச் சொல்லித் தீர்மானம்.
எட்டுக் கைகள், வெர்னனுடையது கடைசியாக.
பரிந்துரைதான். மேலே ஒரு தாள் போகும்,
மேலிருந்து ஒரு தாள் வரும், வராமலும் போகும்.
குறிப்பேட்டில்:
பொதுமக்கள் கருத்து, ஒருவர்.

நிறுத்துமிடத்தில்
இன்ஜின் உறையாமலிருக்கச் செருகிய மின்கம்பியை
என் காரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
டெல்பர்ட் வந்து கைபேசியை நீட்டினார்:
எதற்குச் சிரித்தார்கள்?

கையுறையைக் கழற்றினேன்.
மூன்றாவது நிமிடத்தில் கடிகாரம்,
தொப்பி, கைப்பை, கிணற்றுக் குரல், வெர்னன்,
எல்லாவற்றையும் அந்தச் சின்னத் திரையில் அடித்தேன்.
விரல் நுனிகள் மரத்துப்போயின.
அவன் வாக்கியம் முழுசாக இருக்கட்டுமென்று
நானாக விட்டுவிட்டேன், என்றும் அடித்தேன்.

படித்தார். சிரிக்கவில்லை.
மூச்சு வெள்ளையாக எழுந்து கலைந்தது.
அவர் திருப்பி அடிக்க நேரமாயிற்று.
தடித்த விரல்கள், குளிர்.
நான் காத்திருந்தேன்.

'எனக்கு எது வேண்டுமென்று
முப்பது வருடம் மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.
அதனால்தான் இந்த மன்றத்துக்கு வந்தேன்.
அடுத்த முறை கடிகாரத்தையும் எழுது.'